மறைத்ததும் காட்டியதும்: மேரி லோகன் என்னும் தாய்

தாயன்பைப் பாடாத மொழி உலகில் இல்லை. பாலூட்டினாள், தாலாட்டினாள், தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குச் சோறிட்டாள் என்று எழுதிவிட்டால் தாயின் பெருமை முழுவதும் எழுதியாயிற்றென்று கதாசிரியர்களிற் பலர் எண்ணிவிடுகின்றனர். பசியினின்றும் பிணியினின்றும் பிள்ளையைக் காப்பது தாயின் கடமை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவ்விரண்டினும் கொடியது ஒன்றுண்டு. நீ பிறப்பினாலேயே தாழ்ந்தவன் என்று ஊரும் சட்டமும் கடைக்காரனும் பள்ளிப் புத்தகமும் ஒரு குழந்தையை நோக்கி நாள்தோறும் கூறிக்கொண்டேயிருக்குமானால், அக்குழந்தையைப் பெற்றவள் அதனை எவ்வாறு காப்பாள்? கொடுமை கண்ணிற் படாதபடி மறைத்து வளர்ப்பதா? கண்ணெதிரே காட்டி வளர்ப்பதா? மறைத்தால் பிள்ளை அறியாமையால் அழியும். காட்டினால் அச்சத்தால் கூனும். இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா?

இக்கேள்விக்கு விடை தேடும் ஒரு நாவலையும், அதில் வரும் ஒரு தாயையும் பற்றி இங்கு ஆராயப் புகுகின்றோம். நாவல், மில்ட்ரெட் டெய்லர் என்னும் அம்மையார் ஆங்கிலத்தில் இயற்றிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்பது. 'இடியே முழங்கு, என் கூக்குரல் கேள்' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். தாயின் பெயர் மேரி லோகன்.

நூலும் காலமும்

இந்நூல் 1976-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. அந்நாட்டுச் சிறுவர் இலக்கியத்திற்கென வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தை 1977-ல் பெற்றது. ஆசிரியை 1943-ல் மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் நகரிற் பிறந்தவர். கைக்குழந்தையாய் இருந்தபோதே அவர் குடும்பம் வடக்கே டொலீடோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தம் முன்னோரைப் பற்றித் தந்தையார் வாய்மொழியாகச் சொல்லி வந்த கதைகளே இந்நூலுக்கு வித்து. சிறுவர்க்கென எழுதப்பட்டதாயினும் பெரியோர் நின்று நிதானித்துப் படிக்கவேண்டிய நூல் இது.

கதை நிகழும் காலம் 1933-ஆம் ஆண்டு அக்டோபர் தொடங்கி அடுத்த ஆண்டுக் கோடைவரை. இடம் மிசிசிப்பியின் பருத்திக் காடு. அடிமை வாழ்வு 1865-ல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆயினும் மிசிசிப்பி மாகாணம் 1890-ல் இயற்றிய அரசியல் சட்டம், வாக்கு வரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் தடைகள் வைத்துக் கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பறித்தது. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி ஏற்பாடு செய்வது குற்றமன்று, சமமாக இருந்தாற் போதும் என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி என்பது நடைமுறைக்கு வந்தது. சமம் என்பது ஏட்டளவில் நின்றது. பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை அத்தீர்ப்பு 1954-ல்தான் தள்ளப்பட்டது.

இனி, கதையின் குடும்பத்தைப் பார்ப்போம். லோகன் குடும்பத்தார் கறுப்பு மக்களாயிருந்தும் சொந்த நிலம் உடையவர்கள். பாட்டனார் 1887-ல் 200 ஏக்கரும் 1918-ல் மற்றொரு 200 ஏக்கரும் வாங்கினார். பின்னைய நிலத்தின்மீது அடமானக் கடன் இன்னும் தீரவில்லை. பருத்தி விலை வீழ்ந்துவிட்டபடியால் தந்தை டேவிட் லோகன் லூசியானா மாகாணத்தில் ரயில் பாதை வேலைக்குச் சென்றிருக்கிறார். வீட்டிலிருப்போர் பாட்டியும், தாய் மேரியும், பிள்ளைகள் நால்வரும். மூத்தவன் ஸ்டேஸி; அடுத்தவள் ஒன்பது வயதுச் சிறுமி கேஸி; அவளுக்கு இளையவர் கிறிஸ்டபர் ஜானும், 'லிட்டில் மேன்' என்று எல்லோரும் செல்லமாய் அழைக்கும் ஆறு வயதுக் கடைக்குட்டியும். கதையைச் சொல்பவள் கேஸி.

சுற்றிலும் இருப்போர் நிலமற்றவர்கள். கிரேஞ்சர் முதலிய வெள்ளை முதலாளிமாரின் காட்டில் பங்குக்குப் பயிரிடுவோர். விளைச்சலிற் பாதி முதலாளிக்கு. மீதியில் விதைக்கடன், உரக்கடன், கடைக்கடன். முதலாளி கையெழுத்திட்டால்தான் கடையில் கடன் கிடைக்கும். ஆண்டு முடிவிற் கணக்குப் பார்த்தால் குடியானவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. கடன் மாத்திரம் மிஞ்சும். செக்ரோல் எழுதியும் கடைப்பற்றுக் கணக்குப் பார்த்தும் பழகிய நம் போன்றோர்க்கு இக்கணக்கின் சூட்சுமத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஒட்டப்பட்ட தாள்

மேரி லோகன் பள்ளி ஆசிரியை. நெல்லு மூட்டையைப் போல் வாயில்லாமற் கிடக்கும் தாயல்லள். கற்றவள், கற்பிப்பவள், தன் சம்பாத்தியத்தால் குடும்பத்தைத் தாங்குபவள். பங்குக்குப் பயிரிட்ட ஏழை ஒருவரின் மகளாய்ப் பிறந்து, ஜாக்சனுக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றவள். பதினான்கு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறாள். அவள் கற்பிக்கும் கறுப்பர் பள்ளி பருத்தி எடுப்பு முடிந்தபின் அக்டோபரில் திறந்து, நடவுக்காக மார்ச்சில் மூடப்படும். பிள்ளைகளின் கல்வியைப் பருத்திச் செடியே அளந்து கொடுக்கிறது!

பள்ளி திறந்த முதல் நாள் பிள்ளைகளுக்குப் புத்தகம் வழங்கப்படுகிறது. புத்தகம் கிடைக்குமென்று கேட்டுப் பிள்ளைகள் மகிழ்கின்றனர். கிடைத்ததோ கிழிந்து அழுக்கேறிய பழம் புத்தகங்கள். துப்புரவில் மிகுந்த ஆசையுடைய லிட்டில் மேன் வேறு புத்தகம் கேட்கிறான், மறுக்கப்படுகிறது. அட்டையின் உட்புறத்தைப் புரட்டியவன் திடீரென்று புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். காரணம், அங்கே ஒட்டியிருந்த ஓர் அட்டவணை. புத்தகம் 1922 முதல் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்நிலையில் இருந்தது, பெற்ற மாணவர் எந்த இனம் என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பதினொரு வரிகளிலும் இனம் வெள்ளை. புத்தகத்தின் நிலை 'மிக மோசம்' என்று வந்த பன்னிரண்டாம் வரியிலேதான் கறுப்பு மக்களைக் குறிக்கும் இழிசொல் எழுதப்பட்டிருந்தது. வெள்ளைப் பிள்ளை தொட விரும்பாத நிலைக்கு வந்தபின் இவனுக்குத் தகுதியாயிற்று என்பது அதன் பொருள். ஆறு வயதுச் சிறுவன் அதனைப் படித்துப் புரிந்துகொண்டான். வகுப்பு ஆசிரியை கிராக்கர் அம்மையாருக்கு அது புரியவில்லை. அல்லது, புரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை. தம்பிக்கும், அவனுக்காகப் பேசிய கேஸிக்கும் அடி கிடைக்கிறது.

கிராக்கர் அம்மையாரும் கறுப்பினத்தவரே என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். அவர் தீயவரல்லர். கொடுத்ததைப் பெற்றுக்கொள், நிலைமையை உணர்ந்து நட, இன்றில்லாவிடினும் நாளை இந்தக் குழந்தைகள் இதனைக் கற்றே தீரவேண்டும் என்பது அவர் கட்சி. அதுவும் ஒருவகைப் பாதுகாப்பே! நம்மவரிலும் இவ்வகைப் பாதுகாவலர் ஏராளம்.

முறையிட வந்த கிராக்கர் அம்மையாரிடம் மேரி வாதாடவில்லை. பிள்ளைகளை அழைத்துக் கட்டியணைத்து அழவுமில்லை. மேசையிலிருந்து தாளையும் பசையையும் எடுத்து, அட்டையின் அளவுக்குத் தாளை வெட்டி, அந்த அட்டவணையின்மேல் ஒட்டி மூடினாள். தன் பிள்ளைகளின் புத்தகத்தோடு நின்றாளா? இல்லை. தன் வகுப்பு மாணவர் அனைவரின் புத்தகங்களையும் எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். உள்ளதைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும், ஆயினும் அறிவதனால் அதற்கு உடன்பட்டுவிட வேண்டுமென்பதில்லை என்ற கருத்தை மாத்திரம் அமைதியாகக் கூறினாள். நாவலில் இஃது ஒரு பக்க அளவிலும் அடங்கும் நிகழ்ச்சி. ஆயினும் நூல் முழுவதும் இப்பசையின்மேல் நிற்கிறதென்று கூறுவோம். ஏனெனில் பின்னால் இந்தத் தாளே அவள் வேலையைப் பறிக்கப்போகிறது.

கட்டிலிற் கிடந்த முதியவர்

ஒட்டி மறைத்த அதே தாய் சில வாரங்களுக்குப்பின் செய்யும் காரியத்தைப் பாருங்கள்.

அவ்வூரில் வாலஸ் சகோதரர் என்ற வெள்ளையர் நடத்தும் கடை ஒன்றுண்டு. பெரி என்ற குடும்பத்து ஆடவர்மீது வீண்பழி சுமத்தி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய கூட்டத்தின் தலைவர்கள் அவர்களே. ஊரறிந்த உண்மை இது. ஆயினும் எந்த அதிகாரியும் அவர்களைத் தொடவில்லை. அக்கடைக்குப் போகக்கூடாதென்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பான கட்டளை. கட்டளையை மீறிப் பிள்ளைகள் ஒருநாள் போய்விடுகின்றனர். ஸ்டேஸி தாயிடம் வந்து தானாகவே ஒப்புக்கொள்கிறான்.

நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும்? பிரம்பு பேசியிருக்கும். மேரி பிரம்பை எடுக்கவில்லை. மறு சனிக்கிழமை நால்வரையும் வண்டியில் ஏற்றி, நெடுந்தூரம் ஓட்டிச் சென்று, பெரியின் குடிசைக்குள் அழைத்துப் போகிறாள். அங்கே தீயால் வெந்து உருக்குலைந்த முதியவர் ஒருவர் கட்டிலிற் கிடக்கிறார். முகமென்று சொல்ல ஏதுமில்லை, பேச்சும் வாய்க்கவில்லை. அவரை மற்ற மனிதரைப் போலவே எண்ணி வணங்கிப் பேசவேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்னரே கூறியிருக்கிறாள். பிள்ளைகள் அவ்வாறே செய்கின்றனர். திரும்பும் வழியிலேதான் இதனைச் செய்தவர்கள் வாலஸ் சகோதரரே என்று அறிவிக்கிறாள். அத்தோடும் நில்லாமல், வழியிலுள்ள வீடுகள்தோறும் வண்டியை நிறுத்தி, அக்கடையிற் சாமான் வாங்குவதை நிறுத்திவிடலாமே என்று பெரியோரிடம் பேச்சைத் தொடங்குகிறாள். வாலஸ் கடையைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் இவ்வாறு பிறக்கிறது.

கேஸிக்கு ஒன்பது வயது. கடைக்குட்டிக்கு ஆறு. இத்தகைய காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று வாசகர் திடுக்கிடுவர். நாமும் அப்பக்கத்தில் நின்று யோசித்தோம்.

இவ்விரண்டும் முரணா?

புத்தகத்தில் ஒரு சொல்லை மறைத்தாள். குடிசையில் ஒரு கொடுமையைக் காட்டினாள். சொல்லைக் கண்டால் பிள்ளை நோவான் என்று அஞ்சியவள், வெந்த உடலைக் கண்டால் நோவான் என்று ஏன் அஞ்சவில்லை? ஆசிரியை இவ்விரு நிகழ்ச்சிகளையும் வைத்துவிட்டு விளக்கம் ஏதும் கூறாமற் செல்கிறார். விளக்கம் தேடுவது திறனாய்வோன் வேலை.

நமக்குத் தோன்றும் விடை இது. அட்டவணையில் எழுதியிருந்தது, பிள்ளைகள் யார் என்பதைப் பற்றிப் பிறர் சொன்ன பொய். அது தினந்தோறும் புத்தகத்தைத் திறக்குந்தோறும் பிள்ளையின் கண்ணிற் பட்டுக்கொண்டேயிருக்கும். நூறு முறை படித்தால் பிள்ளை அதனை நம்பிவிடும். பொய்யை மூடவேண்டும். குடிசையிற் கிடந்ததோ, பிள்ளைகளின் இனத்தார்க்குப் பிறர் செய்த கொடுமை. அது மெய். மெய்யை மூடினால் பிள்ளைகள் மீண்டும் அக்கடைக்கே போவர். அங்கே மிட்டாய் வாங்குவர். கொளுத்தினவன் கையிற் காசைக் கொடுப்பர். மெய்யைத் திறந்து காட்டவேண்டும். இழிவைக் காட்டி வளர்த்தால் அடிமை உருவாவான். அநீதியைக் காட்டி வளர்த்தால் மனிதன் உருவாவான். இழிவும் அநீதியும் ஒன்றென மயங்குவோர் இரண்டையும் மறைப்பர், அல்லது இரண்டையும் காட்டுவர். மேரி லோகன் பிரித்தறிந்தாள். அவளுடைய தாய்மையின் நுட்பம் இப்பகுத்தறிவிலே இருக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சியும் இதனை வலியுறுத்தும். ஸ்ட்ராபெரி என்னும் பட்டணத்து நடைபாதையில் வெள்ளைச் சிறுமி ஒருத்தியின்மீது கேஸி தற்செயலாக மோதிவிடுகிறாள். அச்சிறுமியின் தகப்பன் கேஸியைச் சாலையில் தள்ளுகிறான். அங்கு வந்த பாட்டி பேத்தியைக் காப்பதற்கு வேறு வழி காணாமல், அவளையே மன்னிப்புக் கேட்கச் செய்கிறாள். சிறுமியை 'மிஸ்' என்று மரியாதையோடு அழைக்கவும் செய்கிறாள். கேஸிக்குப் பாட்டிமேல் தீராத கோபம். அன்றிரவு தாய் அவளருகில் அமர்ந்து பேசுகிறாள். பாட்டி செய்தது சரியென்று சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. உன்னை அடியினின்று காக்கப் பாட்டி அவ்வாறு செய்தாள் என்கிறாள். பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை விலங்கிட்டுக் கொண்டுவந்தது முதல், அச்செயலை நியாயப்படுத்த வெள்ளையர் சமயத்தையும் துணைக்கழைத்தது வரை, தன்னிடம் வேறொன்றும் இல்லாத ஏழை வெள்ளையன் தோல் நிறத்தையே சொத்தாகப் பற்றிக்கொண்டிருப்பது வரை ஒழுங்காக எடுத்துரைக்கிறாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சரித்திரப் பாடம்! அப்பாடம் முடிந்தபோது அவள் மனத்தில் நிற்பது, தான் தாழ்ந்தவள் என்ற எண்ணமன்று. தாழ்த்தப்படும் முறை இன்னதென்ற அறிவு.

இவ்விடத்தில் மெய்யாகவே வாழ்ந்த ஒரு தாயை நினைவுகூர்தல் பொருந்தும். 1955 ஆகஸ்டு மாதம், அதே மிசிசிப்பி மாகாணத்தில், எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்புச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளைப் பெண் ஒருத்தியிடம் முறை தவறி நடந்தான் என்பது அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். சிதைந்த உடல் சிகாகோவுக்கு வந்தபோது, சவப்பெட்டியைத் திறந்து வைத்தே சடங்கு நடத்தவேண்டும் என்று தாய் மேமி டில் உறுதியாய் நின்றார். ஆயிரக்கணக்கானோர் வந்து கண்டனர். பத்திரிகைகளில் படம் வெளிவந்தது. கொலைக்காரரை வெள்ளையர் மாத்திரமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ஆயினும் அப்பெட்டி திறந்திருந்ததனால் ஒரு தலைமுறையின் கண் திறந்தது. அச்சிறுவனின் பெயரால் கும்பற்கொலையைத் தனிக்குற்றமாக்கும் மத்திய சட்டம் 2022-ல்தான் நிறைவேறிற்று. அந்தத் தாய் பெட்டியை மூடியிருந்தால் அவர் மனத்துக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும், உலகம் அறிந்திராது. கற்பனையில் வரும் மேரி லோகனும் மெய்யில் வாழ்ந்த மேமி டில்லும் ஒரே வழியைக் கண்டவர்கள்.

வேறு இரு தாய்மார்

அமெரிக்க நாவல்களில் இனக்கொடுமைக்கு எதிரே நிற்கும் தாய் புதியவளல்லள். 1852-ல் ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நூலில் எலைஸா என்னும் அடிமைத்தாய், தன் மகன் விற்கப்படப் போகிறானென்று அறிந்து, அவனைத் தூக்கிக்கொண்டு ஒஹையோ ஆற்றின் பனிக்கட்டிகள்மேல் தாவி ஓடுகிறாள். 1987-ல் டோனி மாரிசன் எழுதிய 'பிலவ்ட்' நூலில் செதி என்னும் தாய், தப்பி வந்த இடத்திலும் பிடிக்க வந்துவிட்டார்களென்று கண்டதும், மகள் மீண்டும் அடிமையாவதைவிட இறப்பதே நன்றென்று தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள். ஒருத்தி ஓடிக் காத்தாள். ஒருத்தி கொன்று காத்தாள். இருவரும் படிப்போர் நெஞ்சை உருக்குவர்.

மேரி லோகன் ஓடவும் முடியாது. நிலம் அங்கே இருக்கிறது. நாளையும் அதே பள்ளி, அதே சாலை, அதே கடை. ஓடாமலும் ஒடியாமலும் அங்கேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தாக வேண்டும். பனிக்கட்டியின்மேல் ஓடுவது ஒருநாள் வீரம். இது தினசரி வீரம். பெரும்பாலான தாய்மார்க்கு விதிக்கப்பட்டது இதுவே. ஆதலின் மூவரிலும் நம் வீட்டுத் தாய்மார்க்கு மிக அருகில் நிற்பவள் இவளே என்பது நம் கருத்து.

அன்றியும், இவள் காப்பது தன் பிள்ளைகளின் தவறுகளை மூடிக் காப்பதன்று. தோழன் டி.ஜே. எழுதிய பித்தலாட்டக் குறிப்புத்தாள் ஸ்டேஸியின் கையிற் சிக்கியபோது, தன் மகனென்று பாராமல் வகுப்பின் முன்னிலையில் அவனை அடிக்கிறாள். கேஸிக்கு நேர்ந்த அவமானத்தைக் கேட்டுச் சினந்து, சிகாகோவிலிருந்து வந்திருந்த பெரிய தகப்பன் ஹாமர் பழிவாங்கப் புறப்பட்டபோது, வெறிகொண்ட வீரத்தை மெச்சாமல், குடும்பத்திற்குத் துணையாய் வந்து தங்கியிருந்த மாரிசன் என்பவரைப் பின்னே அனுப்பித் தடுக்கிறாள். அன்று பழிதீர்த்தால் மறுநாள் வீட்டில் எத்தனை பிணம் விழும் என்பது அவளுக்குத் தெரியும். கோபத்தைக் கைவிட்டவளல்லள்; அதனை எங்கே செலவிட வேண்டுமென்று அறிந்தவள்.

விலை

காத்தலுக்கு விலை உண்டு. கிரேஞ்சரும் வாலஸ் சகோதரருள் ஒருவரும் பள்ளி நிர்வாகிகள் என்ற முறையில் ஒருநாள் அவள் வகுப்புக்கு வருகின்றனர். அவள் அடிமை முறையின் சரித்திரத்தைக் கற்பித்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தில் இல்லாததை ஏன் கற்பிக்கிறாய் என்பது கேள்வி. புத்தகத்தில் உள்ளதெல்லாம் உண்மையன்று என்பது அவள் விடை. ஒட்டப்பட்ட தாளும் அவர்கள் கண்ணிற் படுகிறது. வேலை போய்விடுகிறது. கடைப் பகிஷ்காரமே உண்மைக் காரணம். தாள் ஒரு சாக்கு. தொடர்ந்து, தந்தை சுடப்பட்டுக் கால் முறிந்து படுக்கிறார். அடமானக் கடன் முழுவதையும் உடனே கட்டும்படி வங்கி கேட்கிறது. ஹாமர் தம் மோட்டாரை விற்றுப் பணம் கொண்டுவந்து நிலத்தை மீட்கிறார். தாய் ஒட்டிய ஒரு துண்டுத் தாளுக்கும் அவள் பேசிய சில பேச்சுக்கும் குடும்பம் கொடுத்த விலை இவ்வளவு. ஆசிரியை இவ்விலையைக் குறைத்துக் காட்டவில்லை. நன்மை செய்தவளுக்கு உடனே நன்மை விளையும் என்ற பொய்யைச் சிறுவர்க்கு எழுதும் நூலிலும் அவர் எழுதவில்லை.

நிலமில்லாத தாய்

இனி, இந்நூலின்மீது ஒரு தடையை எழுப்பவேண்டும். மேரி லோகன் இவ்வளவு துணிந்தாள் என்றால், அதற்கு அடியில் 400 ஏக்கர் நிலம் இருந்தது. வேலை போனாலும் உண்ணச் சோளமும் காய்கறியும் தோட்டத்தில் உண்டு. மதிக்கத்தக்க கணவனும், உதவ மைத்துனனும், கடன் பொறுப்பேற்க ஜேமிசன் என்ற நேர்மையுள்ள வெள்ளை வக்கீலும் இருந்தனர். இவையொன்றும் இல்லாத தாய் என் செய்வாள்? நிலமுடையவளின் தாய்மையைப் பாடி, இல்லாதவளை மறந்துவிட்டதா நூல்?

மறக்கவில்லை. கூர்ந்து படித்தால் அந்த மற்றத் தாயும் நூலில் இருக்கிறாள். அவள் டி.ஜே.யின் தாய். ஏவரி குடும்பம் கிரேஞ்சரின் காட்டில் பங்குக்குப் பயிரிடுவது. பகிஷ்காரத்தில் ஏவரியும் சேர்ந்தார். உடனே முதலாளி விளைச்சலிற் பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது பங்கு கேட்டார். கடனுக்காகச் சங்கிலிக் கூலிக்கு அனுப்பும் பயமுறுத்தலும் வந்தது. ஏவரி தலைகுனிந்து விலகிக்கொண்டார். அவரைக் கோழையென்று லோகன் சிறுவன் இகழ்ந்தபோது, தந்தையார் அவனைக் கண்டித்து, நிலமுடைய நமக்கு இயன்றது அவர்க்கு இயலாதென்று விளக்குகிறார். இஃது ஆசிரியையின் நேர்மை.

டி.ஜே. தீய வழியிற் செல்லும் சிறுவன். வகுப்பிற் பித்தலாட்டம் செய்தான்; வாலஸ் கடையில் மேரியைப் பற்றிக் கோள் சொன்னான். பிள்ளைகள் அவனை ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டவன் வெள்ளை இளைஞர் இருவரின் போலி நட்பில் வீழ்ந்தான். அவர்கள் செய்த கொள்ளையும் கொலையும் அவன் தலையில் விடிந்தது. இரவில் கும்பல் வந்து கதவை உடைத்தபோது, மகனிடம் ஓடிச்செல்ல முயன்ற அத்தாய் வீசி எறியப்படுகிறாள். அவளுக்கும் அன்பு குறைவில்லை. மேரிக்கு இருந்த அன்பே அவளுக்கும் இருந்தது. இல்லாதது நிலம், கல்வி, துணை. அன்பு ஒன்றே போதுமென்று நினைப்போர் அந்தப் பக்கத்தை மீண்டும் படிப்பாராக. தாய் பிள்ளையைக் காக்கவேண்டுமானால் தாயைக் காக்க ஏதேனும் ஒன்று வேண்டும்.

முடிவில், கும்பலின் கவனத்தைத் திருப்புவதற்காக டேவிட் லோகன் தம் பருத்திக் காட்டுக்குத் தாமே தீயிடுகிறார். காற்பங்குப் பருத்தி எரிந்தது. அண்டைச் சிறுவன் அன்றிரவு கயிற்றினின்று தப்பினான். ஆயினும் சிறை சென்றான். அவனுக்கு நேரப்போவது நன்றன்று என்ற குறிப்போடு நூல் முடிகிறது. கோள் சொல்லித் தன் மனைவியின் வேலையைப் போக்கிய பையனுக்காகவே டேவிட் நிலத்தின் விளைவைக் கொளுத்தினார் என்பதை நினைக்க வேண்டும். துப்பாக்கியோடு புறப்பட்ட கணவனை நிறுத்தி, வேறு வழி தேடும்படி மன்றாடியவள் மேரி. தன் நான்கு பிள்ளைகளுக்கு ஒட்டிய பசை அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகிறது. குடும்பப் பாசம் குடும்பத்தின் வேலிக்குள் நின்றுவிட்டால் அது பாசமாக இருக்கலாம், பாதுகாப்பாகாது.

நூலின் குறை

குறையும் கூறாவிட்டால் திறனாய்வு முகஸ்துதியாகிவிடும். கதையை ஒன்பது வயதுச் சிறுமி சொல்வதனால், பெரியோர் பேசிக்கொள்வதை அவள் கதவோரம் நின்று கேட்கவேண்டியதாகிறது. இவ்வுபாயத்தை ஆசிரியை அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்திவிட்டார். முக்கியமான செய்தி ஒவ்வொன்றும் கதவிடுக்கு வழியாகவே வருகிறது. இதனால் மேரியின் உள்ளம் நமக்கு முழுதும் தெரிவதில்லை. ஒட்டிய தாளின்மேல் கைவைத்தபோது அவள் அஞ்சினாளா? வேலை போன அன்று இரவு தான் செய்தது சரியா என்று தன்னையே கேட்டாளா? மகளின் கண்ணுக்குத் தாய் எப்பொழுதும் உறுதியாகவே தோன்றுகிறாள். உறுதியான தாய்க்குள்ளும் ஒரு நடுங்கும் தாய் இருந்திருப்பாள். அவளை ஓரிரு இடங்களில் மாத்திரம் காண்கிறோம். இன்னும் சற்று அதிகமாய்க் காட்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

முடிவுரை

இந்நூலின் உலகம் வேறு, நம் உலகம் வேறு. ஒன்றை மற்றொன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது. ஆயினும் ஒரு கேள்வி கடலைக் கடந்தும் வருகிறது. நம் பிள்ளைகளிடம் நாம் மறைப்பவை எவை? காட்டுபவை எவை? "நமக்கேனப்பா பெரிய படிப்பு" என்று வீட்டில் நாமே சொல்லும்போது, எவனோ எழுதிய அட்டவணையை நாமே பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகின்றோம். பாட்டனார் எந்த நிலையில் இங்கு வந்தார், என்ன கூலிக்கு உழைத்தார், என்ன பட்டார் என்று பிள்ளை கேட்டால், அதெல்லாம் எதற்கென்று வாயை மூடுகின்றோம். மூடவேண்டியதைத் திறந்தும் திறக்கவேண்டியதை மூடியும் வளர்ப்பது அன்பாக இருக்கலாம், காப்பாக மாட்டாது. மேரி லோகன் செய்தது இதற்கு நேர் எதிர்.

ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்களை ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். நூல் பன்னிரண்டே அத்தியாயங்கள் கொண்டது. நடை எளியது. மாலைக்கு ஓர் அத்தியாயமாக வாசகசாலையிலோ வீட்டுத் திண்ணையிலோ அமர்ந்து, ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்க்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். முதல் அத்தியாயத்தில் புத்தகம் மிதிபடும் இடம் வரும்போது சற்று நிறுத்தி, நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையை இப்பகுதிக்கு எழுதியனுப்பினால் அதுவே இந்நூலுக்கு நம்மவர் செய்யும் சிறந்த திறனாய்வாகும்.